பதினோரு நிமிடத்தைத் தூக்கிக்கொண்டு செலண்டாருக்கு

ஞாயிறு காலை 7.10. புக்கிட் பாருவில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே வாடகைக்குப் பேசியிருந்த செல்வம் அண்ணனின் கார் வந்து நின்றபோது, நான் நான்காவது முறையாகக் கைப்பேசியைத் திறந்து அந்த ஒலிப்பதிவு இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. பதினோரு நிமிடம். இடுப்பில் பதினான்கு மாத மகள் யாழினி. தோளில் பை: பால் மாவு, சுடுநீர்க் குடுவை, ஆறு பேம்பர்ஸ், இரண்டு சட்டை. ஒரு நாள் பயணத்துக்கு இவ்வளவா என்று கணவர் கேட்டார். எனக்கோ இது போதுமா என்றிருந்தது.

நானும் கேமரன் மலையில் ரிங்லெட்டில் இருக்கும் என் தோழி தேவியும் சேர்ந்து ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறோம். இரண்டு வாரத்துக்கு ஒரு பகுதி. மலைவாழ்க்கை, மலைப்பயணம், மண் சரிந்து மூடிய சாலை, தேயிலை, காய்கறித் தோட்டம் என்று பேச்சு தொடங்கும். பாதியில் அரசியலுக்குப் போய்விடும். இடதுசாரிச் சிந்தனை என்று சொன்னால் எங்கள் வீட்டில் பயந்துவிடுவார்கள். உழைப்பது யார், நிலம் யாருடையது, உழைப்பவரின் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்றுதான் நாங்கள் கேட்கிறோம். மலையைப் பற்றி இவ்வளவு பேசும் நான் இருப்பது மலாக்காவின் சமதரையில். மலைக்கு மூன்று முறைதான் போயிருக்கிறேன். மூன்று முறையும் வளைவுகளில் வாந்தி எடுத்தேன்.

போன மாதம் ஒரு பகுதி வெளியிட்டோம். மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். தாய்மார்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஆயாக்கொட்டகையை நிர்வாகம் பூட்டிவிட்டது. நான்கு பெண்கள் ஒரு நாள் விடியற்காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் ஆபீஸ் வராந்தாவில் உட்காரவைத்தார்கள். மூன்றாம் நாள் கொட்டகை திறந்தது. அவர்களில் ஒருவர் ஐம்பத்தொரு நிமிடம் பேசியிருந்தார். நான் அதை நாற்பதாக வெட்டினேன். வெட்டிய பதினோரு நிமிடத்தில்தான் அந்த நால்வரில் இருவருக்கு வேலை போன கதை இருந்தது. "அது ஏன் போச்சு?" என்று தேவி கேட்டாள். கேட்பவர்கள் சோர்ந்துபோவார்கள், முடிவு நம்பிக்கையாக இருக்கட்டும் என்றேன். அப்போது அது சரியாகத்தான் பட்டது.

வியாழக்கிழமை ஒரு குரல்செய்தி வந்தது. செலண்டாருக்கு அப்பால் பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து சாந்தி என்பவர் பேசியிருந்தார். அவர்களுடைய ஆயாக்கொட்டகையும் பூட்டப்பட்டுவிட்டதாம். ஐந்து தாய்மார்கள், ஐந்து பிள்ளைகள். "திங்கக்கெழமை நாங்களும் கொண்டுபோய் வைக்கப் போறோம் தங்கச்சி. நீ சொன்ன மாதிரியேதான்" என்று சிரித்துக்கொண்டே முடித்திருந்தார்.

நீ சொன்ன மாதிரியே. நான் சொன்னது பாதிதான். பதில் எழுதி எழுதி மூன்று முறை அழித்தேன். போனில் சொல்லக்கூடாதா என்று கணவர் கேட்டார். சொல்லலாம்தான். ஆனால் என்னை நம்பி வேலையைப் பணயம் வைக்கப் போகிறவரிடம், உங்களிடம் ஒன்றை மறைத்தேன் என்று போனில் சொல்வது எனக்குக் கூச்சமாக இருந்தது.

போக மட்டும் அறுபது வெள்ளி, அதாவது ரிங்கிட், என்று செல்வம் அண்ணனிடம் பேசியிருந்தோம். ஜாசினில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாமா என்று அவர் கேட்டதால் அந்த வழியாகச் சுற்றினோம். ஆயர் குரோ தாண்டியதும் என் குரலை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்கதானா அந்த மலைக்கதை பேசுற பொண்ணு? என் சம்சாரம் சமைக்கிறப்ப கேக்கும்லா. நீங்க தோழர்னு சொல்ற எடம் வந்தா மட்டும் சவுண்டக் கொறச்சிரும்."

"ஏன் அண்ணே?"

"பக்கத்து வீட்டுக்காரர் போலீசு."

காலை 7.55. ஜாசினைத் தாண்டியதும் கிழக்கே லேடாங் மலை தெரிந்தது. பாதி உடம்பு மேகத்துக்குள். மலாக்காக்காரர்கள் தினமும் பார்க்கும் ஒரே பெரிய மலை அதுதான், ஆனால் அது பக்கத்து மாநிலமான ஜொகூர் எல்லைக்குள் நிற்கிறது. 8.30க்கு செலண்டார். சாலையோர ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய் இரண்டு, பால் சேர்க்காத தே ஓ ஒன்று. ஐந்து வெள்ளி இருபது காசு. யாழினி ரொட்டியைப் பிய்த்துத் தரையில் போட்டாள். எனக்கும் இறங்கவில்லை. அங்கிருந்து ஏழு கிலோமீட்டர், கடைசி மூன்று செம்மண் பாதை. இருபுறமும் செம்பனை. குலைகளை அள்ளிப்போகும் டிராக்டர் வண்டி ஒன்று ஓரமாக நின்றது. ஞாயிறு என்பதால் யாரும் இல்லை. புறப்பட்டதிலிருந்து மொத்தம் நாற்பத்தொன்பது கிலோமீட்டர் என்று கார் காட்டியது.

சாந்தி அக்காவுக்கு முப்பத்தெட்டு வயதிருக்கும். குள்ளமான உருவம். பேசுவதற்கு முன்பே சிரித்துவிடுகிறவர். நாற்பது வீடுகள் உள்ள குடியிருப்பில் இப்போது ஒன்பதில்தான் தமிழர்கள். மற்றவற்றில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள். பிள்ளைகள் குறைந்துவிட்டதால் ஆயா தேவையில்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டதாம். அதன்பின் இந்தப் பெண்கள் குலையிலிருந்து விழுந்த உதிரிப்பழம் பொறுக்கும்போது பிள்ளைகளை மரநிழலில் படுதா விரித்துப் போட்டுவைக்கிறார்கள். அக்காவின் மூன்று வயது மகன் கவினின் காதுக்குப் பின்னால் கறுத்த தழும்பு இருந்தது. பூரான் கடித்தது. மூன்று நாள் காய்ச்சலாம். இன்னொரு தாயான மீனாவின் மடியில் எட்டு மாதக் குழந்தை. மீனாவுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது.

மற்ற மூன்று தாய்மார்களும் வந்து சேர்ந்தார்கள். காப்பி கொடுத்தார்கள். குடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். மலையில் இருவருக்கு வேலை போனது, நான் அதை வெட்டிவிட்டேன், நீங்கள் நாளைக்குச் செய்ய வேண்டாம் என்றால் அதுவே சரி, தப்பு என்னுடையது. மனப்பாடம் செய்து வைத்திருந்தது எல்லாம் கலைந்து வந்தது.

மீனா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "வேல போச்சுன்னா வீடும் போயிரும்க்கா" என்று சாந்தி அக்காவைப் பார்த்துச் சொன்னாள். உண்மைதான். வீடு தோட்டத்துக்குச் சொந்தம்.

சாந்தி அக்கா என்னைத் திட்டவில்லை. "வெட்டுனத போட்டுக் காட்டு" என்றார்.

சிமெண்டுத் தரையில் கைப்பேசியை வைத்தேன். ஐந்து பெண்களும் சுற்றி உட்கார்ந்து பதினோரு நிமிடமும் கேட்டார்கள். ஓர் இடத்தில் அக்கா கையை நீட்டி, மறுபடியும் போடச் சொன்னார். மலைப்பெண் பேசும் அந்த இடம் இதுதான்: "நாங்க அஞ்சரைக்கே பிள்ளைங்கள வச்சிட்டு அங்கனயே நின்னுட்டோம். பெரட்டுல பேரு கூப்புட்டப்ப நாங்க இல்ல. வேலைக்கே வரலன்னு எழுதிட்டாங்க. ரெண்டு பேருக்கு ஏற்கெனவே லீவு நெறைய இருந்துச்சு. அத வச்சே நிப்பாட்டிட்டாங்க."

பெரட்டு என்பது விடிவதற்குமுன் ஆபீஸ் திடலில் வரிசையாக நின்று பெயர் கொடுப்பது. மண்டோர், அதாவது வேலையைப் பிரித்துக் கொடுக்கும் மேற்பார்வையாளர், பெயரைக் கூப்பிடும்போது குரல் கொடுத்தவருக்குத்தான் அன்றைக்கு வேலை. கொடுக்காதவர், திடலுக்குப் பக்கத்திலேயே நின்றாலும், வராதவர்தான். நகரத்தில் வளர்ந்த எனக்கு அந்த வரி வெறும் புலம்பலாகக் கேட்டது. அதனால்தான் வெட்டினேன்.

"இதப் போயா வெட்டுன?" என்றார் சாந்தி அக்கா. "இதுதான தங்கச்சி கொழம்பு. நீ எங்களுக்கு வாசனைய மட்டும் அனுப்பி வச்சிருக்க."

அவர்களும் ஐந்தரைக்கே வைப்பதாகத்தான் இருந்தார்களாம், பெயர் கூப்பிடுவதற்கு முன்பே. நான் சொன்ன மாதிரியே. அவர்கள் அதற்குள் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்கள். முதலில் பெயர் கொடுப்பது. பிறகு பிள்ளைகளை வைப்பது. பிறகு வேலைக்குப் போவது. போராட்டம் என்று நிற்கவே கூடாது. வேண்டாம் என்பவர் இப்போதே சொல்லலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டோம் என்றார் அக்கா. மீனாதான் கடைசியில், "எந்தப் பாய எடுத்துட்டுப் போறது?" என்று கேட்டாள்.

பிள்ளைகளோடு வராந்தாவில் நான் இருக்கட்டுமா என்றேன். செய்த தப்புக்கு அதுவாவது செய்யலாம் என்று நினைத்தேன்.

"நீ நின்னா நீதான் ஆயா" என்றார் அக்கா. "பாக்க ஆள் இருக்குன்னு கதவச் சாத்திட்டுப் போயிருவாங்க. கேட்டுக்கு வெளிய நில்லு. என்னா அழுதாலும் உள்ள வராத."

கணவரைக் கூப்பிட்டு, நாளைக்குத்தான் வருவேன், ஆபீசுக்கு அவசர விடுப்பு சொல்லிவிட்டேன் என்றேன். தன் அம்மாவிடம் என்ன சொல்வது என்று கேட்டார். பெரட்டுக்குப் போயிருக்கிறேன் என்று சொல்லுங்கள் என்றேன். கல்யாணமாகி நான்கு வருடத்தில் அவர் அனுமதி கேட்காமல் நான் சொன்ன முதல் செய்தி அதுவாக இருக்கலாம். அன்று சாந்தி அக்கா வீட்டிலேயே தங்கினோம்.

திங்கள் காலை 5.45. ஆபீஸ் திடலில் குழல்விளக்கு. மண்டோர் பெயர்களைக் கூப்பிட்டார். நான் கேட்டுக்கு வெளியே, பொதுச்சாலையில் யாழினியோடு நின்று, கைப்பேசியில் பதிவை ஓடவிட்டுக் கேட்டேன். ஐந்து பெண்களும் அன்றைக்குத் தேவைக்கு அதிகமாகவே சத்தமாகக் குரல் கொடுத்தார்கள். பெயர் முடிந்ததும் வரிசை கலைந்தது. அவர்கள் ஆபீஸ் வராந்தாவில் பாய் விரித்தார்கள். ஐந்து பிள்ளைகள், ஐந்து பை. மீனா ஒரு தாளைத் தன் குழந்தையின் சட்டையில் ஊக்கு போட்டு மாட்டினாள். எட்டு மணிக்குப் பால், சூடு பார்த்துக் கொடுக்கவும் என்று முந்தின நாள் மாலை மூன்று மொழியில் எழுதியிருந்தாள். மலாயில் ஒரு சொல்லை நான்தான் திருத்திக் கொடுத்தேன்.

துணை மேனேஜர் வந்தார். என் வயதுதான் இருக்கும், தமிழர். இது ஆபீஸ், பிள்ளை வைக்கும் இடமில்லை என்றார்.

"பேரு குடுத்தாச்சு சார்" என்றார் சாந்தி அக்கா. "வேலைக்கு நேரமாச்சு. நாங்க போகலன்னா நீங்கதான் வார்னிங் லெட்டர் குடுப்பீங்க."

"பிள்ளைங்கள யார் பாக்குறது?"

"அதத்தான் நாங்களும் நாலு மாசமா கேக்குறோம்."

ஐந்து பேரும் டிராக்டர் வண்டியில் ஏறினார்கள். மீனா மட்டும் திரும்பிப் பார்க்காமல் இருக்க முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். வண்டி செம்பனைக்குள் மறைந்தது.

6.35க்கு மீனாவின் குழந்தை அழ ஆரம்பித்தது. எனக்கும் வராந்தாவுக்கும் நடுவில் எழுபது அடி இருக்கும். இரண்டு முறை கேட் வரை போய்த் திரும்பினேன். இது நியாயமா, எந்தப் புத்தகம் இதை ஒத்துக்கொள்ளும் என்று என்னையே கேட்டேன். உழைப்பு, உபரி, சுரண்டல் என்றெல்லாம் ஒலிவாங்கியின் முன் எவ்வளவோ பேசியிருக்கிறேன். ஒரு தோட்டத்தில் குலை வெட்டி, உதிரி பொறுக்கி, வண்டி ஏற்றுவதற்கு முன்பாக யாரோ ஒருத்தி ஒரு குழந்தையைத் தூக்கியாக வேண்டும் என்பது அந்த அழுகையில்தான் எனக்கு முழுதாக விளங்கியது. அந்த வேலையைக் கணக்கில் சேர்க்காதவரை மற்ற எல்லாம் மலிவாகத்தான் கிடைக்கும்.

6.52க்கு ஆபீசிலிருந்து கணக்கெழுதும் கிராணி அம்மா வெளியே வந்தார். சட்டையில் இருந்த தாளைப் படித்தார். துணை மேனேஜரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். கணினியில் உட்கார வேண்டியவர் வராந்தாவில் நடந்தார். கவின் அவர் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தான்.

துணை மேனேஜர் நேராக என்னிடம் வந்தார். நான் யார், எதற்குப் பதிவு செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். அழிக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன்.

"பச்சப்பிள்ளைங்கள வச்சு அரசியல் பண்றீங்க. நீங்களும் ஒரு தாய்தானே?"

"ஆமா. கொட்டகைய பூட்டுனது யாரு சார்?"

அவர் தன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்.

9.20க்கு ஆயாக்கொட்டகையின் பூட்டைச் சுத்தியலால் உடைத்தார்கள்; சாவி எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. கூட்டிப் பெருக்கும் அம்மாவையே ஆயாவாகப் போட்டார்கள். கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள்: தற்காலிகம், இரண்டு வாரத்துக்கு மட்டும். அத்தோடு ஐந்து பேருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்றும் சொன்னார்கள்.

பகல் இடைவேளையில் சாந்தி அக்கா வந்து தாளைப் படித்தார். கையெல்லாம் செம்பனைச் சாயம். "ரெண்டு வாரமா? அப்ப ஞாயிறு போக இன்னும் பன்னெண்டு பெரட்டு" என்றார். "பதிமூணாவதுக்கும் பாய் இருக்கு." மீனா கொட்டகைக்குள் போய், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

பகல் 1.15. செல்வம் அண்ணன் வந்தார். திரும்பும்போது அறுபது வெள்ளி போதாது என்று எழுபது கேட்டார், ஞாயிறு விலை வேறு, திங்கள் விலை வேறு என்றார். கொடுத்தேன். அந்தப் பாட்காஸ்ட் பகுதியை முழுதாக, ஐம்பத்தொரு நிமிடமாகவே மறுபடி ஏற்றியிருக்கிறேன். வெட்டியது நான்தான் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறேன். கடிதம் வந்தால் அதற்கு எழுதப்போகும் பதிலையும் சாந்தி அக்கா சம்மதித்தால் வாசிப்பேன். இதைச் செய்ய நான் சரியான ஆளா என்று இன்னும் தெரியவில்லை. செய்வதென்று முடிவெடுத்துவிட்டேன்.

செவ்வாய் காலை 7.20க்கு, வழக்கம்போல, யாழினியைப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் விட்டேன். அழுதாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு பெண் அவளைத் தூக்கிக்கொண்டார். நான் வேலைக்கு நடந்தேன். பிள்ளையை வைத்து அரசியல் செய்கிறாயா என்று என்னை வழியில் யாரும் கேட்கவில்லை. செலண்டாருக்கு அப்பால் அந்த ஐந்து பேரும் இதையேதான் செய்தார்கள்: பிள்ளையை ஒரு கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். அதற்குப் பெயர் அரசியல் என்றால், சரி, அரசியல்தான்.