சக்கரமும் வாளும்

லீவு முடிந்து பட்டாளத்துக்குத் திரும்பும் என் தங்கை மகன் இன்று காலை தொப்பிச் சின்னத்துக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தான். அந்த வாடை மூக்கில் ஏறியதும் குற்றாலம் நினைவுக்கு வந்தது. அருவியோ சாரலோ அல்ல. அங்கே நான் வேலை பார்த்த போட்டோ ஸ்டூடியோ.

சீசனில் குளிக்க வருகிறவர்களைப் படம் எடுப்போம். மற்ற மாதங்களில் பழைய படங்களைப் பெரிதாக்கி வண்ணம் தீட்டுவது என் வேலை. நான் தீட்டிய மூக்கெல்லாம் முதலாளியின் மூக்கு மாதிரியே இருப்பதாகச் சொல்வார்கள். வேறு மூக்கை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை, என்ன செய்ய.

ஒருநாள் தென்காசியிலிருந்து செல்லம்மா என்றொரு அம்மாள் தன் கல்யாணப் படத்தோடு வந்தார். புருஷன் பர்மாச் சண்டையில் காணாமல் போனவர். முப்பது வருஷமாகியும் இவர் நெற்றியில் குங்குமம் இருந்தது. படத்திலிருக்கும் புருஷனுக்குப் பட்டாளத் தொப்பி வைத்து வரைய வேண்டுமாம். சின்னம் எப்படியிருக்கும் என்று காட்ட, புருஷனோடு ஒரே பட்டாளக் கம்பெனியில் லாரி ஓட்டிய காதர் பாயையும் அழைத்து வந்திருந்தார். பாய் ஊர் திரும்பித் தறியில் உட்கார்ந்துவிட்டவர்.

"சக்கரத்துக்கு நடுவுல வாளு. மழையில மலைப்பாதை கரைஞ்சு ஓடுது, அப்பவும் நாங்க லாரிய நிறுத்தல. அதான் சக்கரம்" என்றபடி பாய் பையை மேசையில் கவிழ்த்தார். ஒன்றை மட்டும் எடுக்க நினைத்திருப்பார். பாலீஷ் வாடையோடு பித்தளைச் சின்னங்கள் இரண்டு விழுந்தன.

செல்லம்மா அவற்றையே பார்த்தார்.

"ஒண்ணு ஒம்மோடது தம்பி. இன்னொண்ணு?"

பாய் காலிப் பையை மடித்து மேசையில் வைத்தார்.

"அண்ணனோடது, மதினி. லாரி பள்ளத்துல விழுந்துட்டு. நான்தான் ஆத்தங்கரையில குழிதோண்டி அடக்குனேன்."

"திரும்பி வந்தப்ப, அவியளப் பாக்கவேயில்லன்னு ஏன் சொன்னீரு?"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க கை நெறைய வளையலோட வாசல்ல நின்னிய. 'அவிய எப்ப வருதாவ'ன்னு கேட்டிய. வாய் வரல."

செல்லம்மா அழவில்லை. "கதவத் தாழ்ப்பாள் போடாமலே படுத்திருக்கேன், இத்தன வருஷமும்" என்றார். குரலில் கோபமில்லை, அலுப்புதான் இருந்தது. பிறகு, "ரெண்டுல எது அவியளது?" என்று கேட்டார்.

"தெரியல மதினி. ஒரே பையில கெடந்து ரெண்டும் ஒண்ணு போலவே தேஞ்சுட்டு."

செல்லம்மா கைக்கு வந்த ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். என்னிடம், "தொப்பி வேண்டாம்ப்பா. கல்யாணத்தன்னைக்கி இருந்த மாதிரியே வரைஞ்சிரு" என்றார். வந்தது போலவே இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்பிப் போனார்கள்.

ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது நேந்திரம் சிப்ஸ் பொரிக்கிறார்கள். பாயும் இல்லை, செல்லம்மாவும் இல்லை. அந்த அம்மாள் வீட்டை வாங்கியவர்கள் இடித்துவிட்டு மாடி கட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பற்றி ஒருமுறை விசாரித்தேன். "எந்தப் படம், அண்ணாச்சி?" என்றார்கள். பர்மாவில் அது எந்த ஆற்றங்கரை என்று கேட்டுவைத்துக்கொள்ள எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. இனி சொல்லவும் ஆளில்லை.