தனலட்சுமி டீச்சரின் தவிட்டுப் பை

தந்தி வந்தபோது நான் அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். என் மகள் கமலி அதை வாசலிலேயே வாங்கிப் பிரித்து, அங்கிருந்தபடியே உரக்கப் படித்தாள். அவள் படித்தால் நான்கு வீடு தாண்டிக் கேட்கும். பாதியில் குரல் நின்றுவிட்டது. உடம்பு சரியில்லை என்று சாமராஜநகரில் தம்பி வீட்டுக்குப் போயிருந்த தனலட்சுமி அக்கா காலமாகிவிட்டார். திரும்பி வந்ததும் கைக்குத்தல் அரிசி வாங்க மண்டி மொஹல்லாவுக்குப் போகலாம் என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

மைசூரில் எங்கள் பெண்கள் கல்லூரியில் பதினாறு வருஷம் அவரும் நானும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தோம். நான் ரசாயனம் நடத்துவேன், அவர் உணவுச் சத்துகளைப் பற்றிய வகுப்பை எடுப்பார். அந்த வகுப்புக்கென்று இரண்டு புறாக்களை வளர்த்தார். ஒன்றுக்கு மிஷினில் தீட்டிய வெள்ளை அரிசி மட்டும் போடுவார். மூன்று வாரத்தில் அதன் கழுத்து பின்னால் வளைந்துவிடும், நிற்க முடியாது. பிறகு தவிடு ஊறிய தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டுவார். அன்று சாயங்காலமே புறா தலையை நிமிர்த்தும். "சத்தையெல்லாம் மாட்டுக்குப் போட்டுட்டு நாம சக்கையைத் தின்றோம். அப்புறம் மாடு மட்டும் எப்படித் திடமா இருக்குன்னு கேக்கறோம்" என்பார். மாணவிகள் சிரிப்பார்கள். நானும் ஒவ்வொரு வருஷமும் சிரித்திருக்கிறேன்.

எனக்கு முதல் பிள்ளை பிறந்தபோது அக்கா பத்து சேர் அரிசியோடு வந்தார். பழைய பச்சரிசி, மல்லிகை மாதிரி வெளுப்பு. "பத்தியத்துக்கு இதைவிட நல்ல அரிசி ஊர்ல கிடைக்காது, விசாலம்" என்றார். அது உண்மைதான். அந்தக் கடையில் அரிசி எவ்வளவு வெள்ளையாக இருக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும், புறாவுக்கு வாங்குகிற கடை அது. இது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பாடம் கல்லூரியில் இருந்தது, பத்தியம் வீட்டில் இருந்தது. ஏழு தண்ணீர் கழுவிய சோறும் மிளகு ரசமுமாக இரண்டு மாதம் ஓட்டினேன். பருப்பில்லை, கீரையில்லை. மூன்றாம் மாதம் பையன் பால் குடிக்க மறுத்தான், மூச்சு வாங்கியது, அழுகை கம்மிப்போயிற்று. வைத்தியர் சளிக்கு மருந்து கொடுத்தார். நான்காம் நாள் அவன் இல்லை.

இரண்டு வருஷம் கழித்துக் கமலி பிறந்தாள். அதே பத்தியம், அதே கடை. பத்தாவது வாரத்தில் ஒரு நாள் மத்தியானம் அக்கா பார்க்க வந்தார். கொள்ளேகாலத்திலிருந்து துணைக்கு வந்திருந்த என் நாத்தனார் காபி போடப் போனார். அக்கா தொட்டிலருகே நின்றார்.

"விசாலம், இவ அழறா."

"இல்லையேக்கா, சத்தமே வரலையே."

"வாய் அழுது. சத்தம்தான் வரலை." குனிந்து குழந்தையின் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். "நீ என்ன அரிசி சாப்பிடறே?"

"நீங்க போன தடவை வாங்கிக் குடுத்தீங்களே, அதே கடை அரிசிதான்."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை உடைந்தால்கூட முகம் மாறாதவர். பிறகு எழுந்து, காபி வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்துவிட்டு, வந்த ஜட்காவிலேயே திரும்பிப் போனார்.

ஒரு மணி நேரத்தில் அரை மூட்டைத் தவிட்டோடு வந்து இறங்கினார். கடைக்காரர் "எஷ்டு ஹசு அம்மா?" என்று கேட்டாராம். எத்தனை மாடு என்று. "ஒரே ஒரு கன்னுக்குட்டிதான், ரொம்பச் சின்னது" என்று சொல்லிவிட்டு வந்தாராம். அதைச் சொல்லும்போதும் அவர் சிரிக்கவில்லை.

நாத்தனார் வழி மறித்தார். "ஏனுங்க டீச்சரம்மா, மாட்டுத் தீனியவா புள்ளைக்குக் குடுக்கப் போறீங்க?"

"ஆமாங்க. மாட்டுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. நமக்கு இப்பத்தான் தெரியுது."

தவிட்டைச் சலித்து, எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரில் ஊற வைத்து, வடிகட்டி, சிறு தீயில் சுண்ட வைத்தார். தவிட்டில் இருக்கிற, என் பாலில் இல்லாமல்போன அந்தச் சத்து ஊசி மருந்தாகக் கிடைக்காத காலம் அது. புறாவுக்குப் புகட்டும் அதே சொட்டுக் குழாயை வெந்நீரில் கழுவி எடுத்துக்கொண்டார். குழந்தைக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தார், எனக்கு டம்ளர் நிறையக் கொடுத்தார். என் சாப்பாட்டை ராகிக் களிக்கும் கீரைக்கும் மாற்றினார். கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு எங்கள் வீட்டிலேயே இருந்தார். இரண்டாம் நாள் மூச்சு சீரானது. மூன்றாம் நாள் காலை, பக்கத்து வீட்டு அம்மாள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "இன்னா உங்க குழந்தை, இந்தக் கத்து கத்துது?" என்று கடிந்துகொண்டார். அக்கா அடுப்புக்கு முன்னால் முகத்தைப் புடவைத் தலைப்பில் மூடிக்கொண்டு அழுதார்.

அன்று என்னிடம், "அந்தப் பையனுக்கு நான்தான் விசாலம்..." என்று ஆரம்பித்தார். குழந்தை அழுகிறாள் என்று நான் எழுந்துபோனேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

அக்காவை அறிந்த உங்களுக்கெல்லாம் அவருடைய துணிப் பையைத் தெரியும். எந்த வீட்டில் பிரசவம் என்றாலும் சிவப்புக் கைக்குத்தல் அரிசியும் ஒரு பொட்டலம் தவிடுமாகப் போய் நிற்பார். தவிட்டு டீச்சர் என்று நீங்கள் கேலி செய்ததும், வாங்கிக் கொல்லையில் மாட்டுக்கு வைத்ததும் அவருக்குத் தெரியும். மறு வாரம் போய், சமைத்தீர்களா என்று கேட்பார். அது ஏன் என்று நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அரிசியைக் கொடுத்தவர் அவர் என்றால், அதே பாடத்தைப் பக்கத்திலிருந்து கேட்டுவிட்டு அந்த அரிசியை வடித்துச் சாப்பிட்டவள் நான். அந்தக் காலையில் நான் எழுந்துபோனது அவர்மேல் இருந்த கோபத்தால் அல்ல. பதில் சொன்னால் என் பங்கையும் சொல்ல வேண்டியிருக்கும் என்ற பயத்தால். பதிமூன்று வருஷமாக அவர் அதைக் கோபம் என்றே நினைத்துக்கொண்டு வீடு வீடாக நடந்திருக்கக்கூடும். அதை நினைத்தால் கீரை ஆயும் கை நின்றுவிடுகிறது.

அவருடைய தம்பி அந்தப் பையை எனக்கு அனுப்பி வைத்திருக்கிறார். அடியில் இன்னும் கொஞ்சம் தவிடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் தெருக்கோடி வீட்டில் நேற்று ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. நான் புடவை மாற்றிக்கொண்டிருக்கும்போது, வாசலிலிருந்து தெருவுக்கே கேட்கும்படி கமலி கூப்பிடுகிறாள்:

"அம்மா, பையை எடுத்துக்கிட்டியா?"