ஆள் ஏறினால் உதறும் கார்

1. எஞ்சின் இல்லாத காரில் உட்கார்ந்தவர்

காலையில் பட்டறைக்குள் நுழைந்தபோது, நாங்கள் எஞ்சினைக் கழற்றி வைத்திருந்த அம்பாசிடர் காரின் டிரைவர் சீட்டில் முனிரத்தினம் உட்கார்ந்திருந்தார். பானெட் இல்லை. எதிரே வெறும் பள்ளம். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"எங்க எஞ்சினைத் திரும்ப மாட்டுங்க. மாட்டினாத்தான் எறங்குவேன்" என்றார்.

எண்பதுகளின் ஆரம்பம் அது. செங்கம் ரோட்டில் பஷீர் பாய் நடத்திய பட்டறையில் நான் ஃபிட்டர். வெல்டிங்கும் நான்தான். பெட்ரோல் கட்டுப்படி ஆகாமல், வாடகை கார் வைத்திருந்தவர்கள் பழைய கார்களில் டீசல் எஞ்சின் ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். அந்த வேலைக்கு வேலூர் வரை போக வேண்டாம், இங்கேயே செய்யலாம் என்று பாய் துணிந்து இறங்கினார். முதலில் வந்தது கீழ்பென்னாத்தூர் கோதண்டத்தின் கார்.

கோதண்டம் மல்லாட்டை வியாபாரி. நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். காருக்குச் சொந்தக்காரர் அவர். அதை ஓட்டிச் சவாரி அடித்தது அவர் தம்பி முனிரத்தினம். பழைய பெட்ரோல் எஞ்சினைத் தம்பிதான் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கழற்றலாமா என்று அண்ணன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோபம் அதுதான்.

சற்று நேரத்தில் கோதண்டமே வந்துவிட்டார். "எறங்குடா. ஊரே வேடிக்கை பாக்குது."

"பாக்கட்டும். டீசல் வண்டின்னா லாரி மாதிரி கத்தும். எவன் ஏறுவான்?"

பாய் ஒரு டீயை வாங்கி முனிரத்தினத்தின் கையில் கொடுத்தார். "தம்பி, நீ இதுல உக்காந்திருந்தா எங்களுக்குக் கை ஓடாது. அண்ணன் மேல கோவம்னா வூட்டுல போயி காட்டு."

டீயைக் குடித்துவிட்டு இறங்கினார். போகும்போது, "நல்லா வராது, பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தையை எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொண்டதுதான் பின்னால் வினை ஆயிற்று.

2. பிளேட், சம்ப், பிராக்கெட்

எஞ்சின் மாற்றுவது என்றால் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது என்று நினைப்பார்கள். உண்மையில், ஒன்றுக்கொன்று பழக்கமில்லாத இரண்டு சாமான்களைச் சேர்த்து வைக்கிற வேலை அது. இடையில் வரும் பாகம் எதுவும் கடையில் கிடைக்காது. நாம்தான் செய்ய வேண்டும்.

ஒரு பழைய வேனிலிருந்து கழற்றிய டீசல் எஞ்சின். அதன் பின்முகத்தில் இருந்த போல்ட் ஓட்டைகள் எங்கள் கியர்பாக்ஸோடு பொருந்தாது. நடுவில் ஒரு அடாப்டர் பிளேட் வேண்டும். அட்டையை எஞ்சின் முகத்தில் வைத்து, ஓரங்களில் சுத்தியால் மெல்லத் தட்டினால் ஓட்டையின் வடிவம் அட்டையில் விழும். கியர்பாக்ஸுக்கும் அப்படியே. இரண்டு அட்டையையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துத் தடித்த இரும்புத் தகட்டில் குறித்தேன். லேத்தில் கட்டி நடு ஓட்டையைக் கடைந்தோம். மாட்டிய பிறகு ஃப்ளைவீலில் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தோம். மையம் விலகினால் கிளட்ச் ஒரு மாதம் தாங்காது. முள் அசையாமல் நின்றதும்தான் பாய் பீடி பற்றவைத்தார்.

அடுத்து சம்ப். எஞ்சினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி அது. காரின் குறுக்குச் சட்டத்தில் போய் இடித்தது. சட்டத்தை வெட்டினால் வேலை சுலபம். ஆனால் முன்சக்கரத்தின் பாரம் முழுக்க அதில்தான் நிற்கிறது. அதனால் சம்பை வெட்டி, உள்பக்கமாக ஒரு குழி வைத்துப் பற்றவைத்தேன். வெளியில் சாக்பீஸ் பொடியைப் பூசி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தோம். பொடி நனையவில்லை, கசிவு இல்லை.

கியர்பாக்ஸின் பின்முனையான வால் தரைத் தகட்டில் இடித்ததால், அதைத் தாங்கும் பின் பிராக்கெட்டைக் கொஞ்சம் தாழ்த்திச் செய்தேன். அதற்கான அளவைக் காலிக் காரை நிறுத்தி வைத்து எடுத்தோம். அது அப்போது யாருக்கும் ஒரு விஷயமாகவே படவில்லை. பின்னச்சுக்குப் போகும் ஷாஃப்டை வெட்டிச் சுருக்கி, லேத்தில் ஓடவிட்டு, ஆட்டம் இல்லாமல் பார்த்து மாட்டினோம்.

எங்கள் பட்டறையில் ட்ரயல் என்றால் எங்கள் ஊர் மலையை ஒரு சுற்றுச் சுற்றுவது. நானும் பாயும் போனோம். சத்தம் இருந்தது. உதறல் இல்லை. கோதண்டம் முகமெல்லாம் சிரிப்பாக காரை எடுத்துக்கொண்டு போனார்.

3. சவாரியில் மட்டும்

பத்து நாளுக்குள் முனிரத்தினம் திரும்பி வந்தார். "வண்டி உதறுதுங்க பாய். காலுக்கடியில குறுகுறுன்னு வருது. சீட்டெல்லாம் நடுங்குது."

நான் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"இப்ப இல்லீங்க. சவாரில போறப்பதான்" என்றார்.

மறுவாரமும் வந்தார். அதற்கடுத்து அண்ணனும் கூடவே வந்தார். பட்டறையில் நாலு பேர் பார்க்க, "நாங்க யாரும் இல்லாதப்ப மட்டும் உதறுதாம்! நல்லா வராதுன்னு அன்னைக்கே சாபம் விட்டவன்தானே இவன்?" என்றார்.

பாயும் சிரித்தார். "இரும்புக்கு ஆளு தெரியுமா தம்பி? உதறணும்னா எல்லாருக்கும்தான் உதறும்."

நான் சிரிக்கவில்லை, ஆனால் பாய் சொன்னதுதான் சரி என்று நினைத்தேன். முனிரத்தினம் எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். சாவியை லேத் மேசையில் வைத்தார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போய்விட்டார். அப்புறம் அவர் அண்ணனோடு பேசுவதில்லை என்றும், வேறு ஒருவரின் வேன் ஓட்டுகிறார் என்றும் கேள்விப்பட்டோம். கோதண்டம் ஒரு புது டிரைவரை வைத்துக்கொண்டார். அவரிடமிருந்து புகார் எதுவும் வரவில்லை. அத்தோடு விஷயம் முடிந்தது என்று விட்டுவிட்டோம்.

4. கல்யாணத்துக்குப் போன அன்று

கீழ்பென்னாத்தூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பஸ் தவறிப் போனதால் ஷேர் டாக்ஸியில் ஏறினேன். பார்த்தால் நாங்கள் எஞ்சின் ஏற்றிய அதே கார். பின்னால் ஐந்து பேர், முன்னால் டிரைவரோடும் என்னோடும் இன்னும் இரண்டு பேர், டிக்கியில் மூட்டைகள்.

ஊரைத் தாண்டி வேகம் பிடித்ததும் என் உள்ளங்காலில் குறுகுறுவென்று ஏறியது. கண்ணாடி கடகடவென்று ஆடியது. பின்சீட்டு அம்மா ஒருத்தி, "இந்த வண்டி எப்பவும் இப்படித்தான், வயித்தைக் கலக்கும்" என்றாள்.

"எத்தினி நாளா இப்படி இருக்குது?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"மொத நாள்லேர்ந்தே இருக்குதுங்க."

"ஏன் சொல்லல?"

"சொன்னவரு கதி என்னாச்சுன்னு பாத்தேனே" என்றார், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.



மறுநாள் பாயிடம் சொன்னேன். அவர் உடனே காரை வரவழைத்தார். பட்டறை ஆட்களைப் பின்சீட்டில் ஏற்றி, டிக்கியில் இரும்பு அடுக்கி, என்னை அடியில் படுத்துப் பார்க்கச் சொன்னார். படுத்ததும் தெரிந்துவிட்டது. பாரம் ஏறியதும் பின் ஸ்பிரிங் அமுங்கி காரின் உடம்பு தாழ்ந்திருந்தது. நாங்கள் தாழ்த்தி வைத்த கியர்பாக்ஸ் வால் ஒரு கோணம் பார்த்தது, ஷாஃப்ட் வேறு கோணம் பார்த்தது. இரண்டுக்கும் நடுவில் ஜாயின்ட் ஒடிந்த முழங்கை மாதிரி நின்றது. அந்தக் கோணத்தில் வேகமாகச் சுற்றினால் உதறாமல் என்ன செய்யும்? இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் ஜாயின்ட் கழன்று, ஷாஃப்ட் ரோட்டில் குத்தியிருக்கும். அத்தனை பேரை ஏற்றிக்கொண்டு.

தரைத் தகட்டை வெட்டி மேடாக்கி, கியர்பாக்ஸ் வாலைத் தூக்கி, பிராக்கெட்டைப் புதிதாகச் செய்தேன். இந்தத் தடவை பாரத்தோடு நிறுத்தித்தான் அளவெடுத்தேன்.

5. வேன் நிற்கும் இடத்தில்

முனிரத்தினத்தைப் பார்க்க பாயே கிளம்பினார். கோதண்டத்தையும் இழுத்துக்கொண்டார். நானும் போனேன். முனிரத்தினம் வேனுக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

பாய் நடந்ததைச் சொன்னார். "நீ சொன்னது நெசம் தம்பி. தப்பா நெனச்சுட்டோம்."

முனிரத்தினம் நட்டை முடுக்கிவிட்டு நிமிர்ந்தார். "எஞ்சினை மாத்தக் கூடாதுன்னு சொன்னதும் நாந்தாங்க. உதறுதுன்னு சொன்னதும் நாந்தான். மொதல்ல சொன்னது என் கோவம். ரெண்டாவது சொன்னது வண்டியோட கொறை. நீங்க ரெண்டையும் ஒண்ணாப் போட்டுட்டீங்க."

கோதண்டம் சாவியை நீட்டினார். "வாடா, வந்து ஓட்டு."

தம்பி வாங்கிக்கொள்ளவில்லை. "இந்த வேன்காரரு என் பேச்சைக் கேக்கறாருண்ணா" என்றார். குரலில் கோபம் இல்லை. அண்ணனுக்குக் கண் கலங்கியது. ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் தம்பி வாயிலிருந்து அண்ணா என்று வந்தது. ஆனால் காருக்கு அவர் திரும்பவில்லை. கடைசி வரை வேன்தான் ஓட்டினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ கார்களுக்கு எஞ்சின் மாற்றினேன். பாரம் ஏற்றி ஓட்டிப் பார்க்காமல் எதையும் வெளியே அனுப்பியதில்லை. அது தொழிலில் கற்றது, எந்த ஃபிட்டரும் கற்றுக்கொள்ளலாம். இன்னொன்று கற்க எனக்கு அதிக நாள் ஆயிற்று. புகார் சொல்ல வருகிறவர் நமக்கு வேண்டாதவராக இருக்கலாம், வாய்த்துடுக்கு உள்ளவராக இருக்கலாம், நாம் கெட்டுப்போகட்டும் என்று நினைக்கிறவராகக்கூட இருக்கலாம். அவர் எப்படிப்பட்டவர் என்று யோசிப்பதற்கு முன், எப்போது உதறுகிறது என்று கேளுங்கள். அவர் சொல்கிற அதே நேரத்தில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.