ஃபிலிம் ரோலின் முதல் படம்

எனக்கும் அவளுக்கும் அது இரண்டாவது திருமணம். என் முதல் மனைவி இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அவள் தன் முதல் கணவரை விட்டு வந்து அதைவிடக் கூடுதலான காலம் ஆகியிருந்தது. ஆவணி மாதத்தில், கடலூர் முதுநகரில் என் அக்கா வீட்டு மாடியில், இருபது பேருக்குச் சாப்பாடு போட்டுக் கல்யாணத்தை முடித்துக்கொண்டோம்.

அவள் கடலூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர். நான் காலை ரயிலுக்குக் கிளம்பும்போது அவள் இரவு டியூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பாள். "இட்லி மூடி வச்சிருக்கேன்" என்பேன். "சரிங்க" என்பாள். நான்கு மாதம் இப்படியே போனது. சண்டை எதுவும் இல்லை. ஒருவர் வீட்டுக்கு மற்றவர் விருந்தாளியாக வந்ததுபோல, இருவரும் ரொம்பவும் மரியாதையாக நடந்துகொண்டோம்.

என்னிடம் பழைய ஃபிலிம் கேமரா ஒன்று இருந்தது. தனியாக இருந்த வருடங்களில், நட்சத்திரங்களை எடுப்பதற்கென்றே வாங்கியது. அதற்கு பேட்டரி வேண்டாம். ஷட்டரைத் திறந்து பூட்டிவிட்டால் நாமாக மூடும்வரை திறந்தே இருக்கும். பூமி சுற்றச் சுற்ற ஒவ்வொரு நட்சத்திரமும் ஃபிலிமில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு போகும். ஆனால் அதற்கு நல்ல இருட்டு வேண்டும். நாங்கள் குடியிருந்த முதுநகரில், துறைமுகத்து விளக்குகளும் ரயில்வே விளக்குகளும் எங்கள் தெருவுக்கு மேலிருந்த வானத்தைச் சாம்பல் நிறமாக்கி வைத்திருந்தன. கேமரா பீரோவில் கிடந்தது.

துணி அடுக்கும்போது அவள் அதைப் பார்த்துவிட்டாள். என்னவென்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தம்பி கொல்லையில கரும்பு வெட்டிட்டாங்க. சுத்துப்பட்டுல ஒரு லைட்டு கிடையாது. அங்க வேணா போயி பாக்கலாம்" என்றாள்.

அவள் தம்பியின் நிலம் மேல்பட்டாம்பாக்கத்துக்கு உள்ளே தள்ளி இருந்தது. மார்கழி அமாவாசையன்று ஸ்கூட்டரில் போனோம். ஃபிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டாள். அவள் தம்பி உட்கார இரண்டு சாக்குகளைக் கொடுத்துவிட்டு, "இருட்டுல உக்காந்துகினு என்னத்த மாமா போட்டோ புடிப்பீங்க?" என்று சிரித்தார். போகிறபோது, "மோட்டார் கொட்டாயாண்ட போவாதீங்க, எலி ஜாஸ்தி. அதுக்கோசரம் பாம்பு வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேமராவை முக்காலியில் பொருத்தி வடக்கே திருப்பி வைத்தேன். நம் பக்கத்தில் துருவ நட்சத்திரம் உயரத்தில் நிற்பதில்லை. அடிவானத்துக்குச் சற்று மேலே, தூரத்துப் பனைமரத்தின் தலையை ஒட்டித்தான் இருக்கும். சோதனைக்காகச் சில நொடிகள் மட்டும் திறந்து மூன்று படங்களை எடுத்துவிட்டு, ஏழரை மணிக்கு நீண்ட நேரப் படத்துக்காக ஷட்டரைத் திறந்து பூட்டினேன்.

"இனிமே டார்ச் அடிக்கக் கூடாது. செல்லும் கூடாது" என்றேன்.

"எவ்ளோ நேரம்?"

"மூணு மணி நேரம்."

அவள் செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியவில்லை. காற்று அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் கேட்டாள்: "அவுங்க எப்படிப் பேசுவாங்க? சத்தமாவா, மெதுவாவா?"

என் முதல் மனைவியைத்தான் கேட்கிறாள் என்று புரிய எனக்குச் சில நொடிகள் ஆயின. அவள் இறந்தபிறகு எல்லோரும் என்னிடம் நோயைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். அவள் எப்படிப் பேசுவாள் என்று ஒருவரும் கேட்டதில்லை. "சத்தமாத்தான். போன்ல பேசினா பக்கத்து வீட்டுக்கே கேக்கும்" என்றேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை. அவளுக்கு மாம்பழப் பைத்தியம் என்பதையும், ஒருமுறை ரயிலில் சீட்டுக்காக நான்கு பேரோடு சண்டை போட்டதையும் சொன்னேன். இருட்டில் பக்கத்துச் சாக்கிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

பிறகு அவள் பேசினாள். முதல் கணவர் வீட்டில் துணி காயப்போட மாடிக்குப் போனாலும் எதற்கு இவ்வளவு நேரம் என்று கேட்பார்களாம். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் கதவைத் தட்டுவார்களாம். "எட்டு வருசம். இப்படி வெட்டவெளியில உக்காந்துகினு, யாரும் எதுவும் கேக்காம..." என்று சொல்லி நிறுத்தினாள். பிறகு டீயை மூடியில் ஊற்றி, என் கை இருக்கும் இடத்தைத் தடவிக் கண்டுபிடித்துக் கொடுத்தாள்.

ரோல் முடியும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. அந்த நான்கு படங்களோடேயே ரோலைச் சுற்றி, கழுவுவதற்குச் சென்னையில் ஒரு லேபுக்கு அனுப்பினேன். கழுவிய ஃபிலிமைத் துண்டு துண்டாக வெட்டித்தான் தருவார்கள். பத்து நாளில் வந்தது. அந்த மூன்று மணி நேரப் படத்தைச் சரியாக நடுவில் வெட்டியிருந்தார்கள். பாதி கோடுகள் ஒரு துண்டில், மீதி இன்னொரு துண்டில்.

போனில் கத்தினேன். அந்தப் பக்கம் பேசியவர் பாவம், மெதுவாகச் சொன்னார்: "சார், ரோல் முழுக்க இருட்டு. எந்தப் படம் எங்க ஆரம்பிக்குதுன்னு எங்களுக்குத் தெரியல. அடுத்த முறை முதல் படத்தை மட்டும் பகல்ல எடுத்துடுங்க. அதை வச்சு அளந்து வெட்டிடுவோம்."

நான் போனை வைத்ததும் அவள் சொன்னாள். "அவரை எதுக்குத் திட்டுறீங்க? நான் பாத்தாலும் வெத்து ஃபிலிமுன்னுதான் நெனப்பேன்." மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்திரியால் இரண்டு துண்டுகளையும் ஒட்டி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நல்லாத்தாங்க இருக்குது" என்றாள்.

அடுத்த ரோலைப் போட்ட அன்று காலை, பகல் படம் ஒன்று எடுக்க வேண்டியிருந்தது. அவள் டியூட்டி முடிந்து வாசலில் நின்றாள். தலை கலைந்து, கண் சிவந்து, கையில் கீரைக்கட்டோடு இருந்தாள். கேமராவைத் தூக்கினேன்.

"ஐயோ, நான் எதுக்கு? செவுத்த எடுங்களேன்."

"செவுரு வெள்ளையா இருக்குது. தெரியாது."

பொய்தான். எங்கள் சுவர் அடர்ந்த பச்சை. அவளும் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். கீரைக்கட்டை மட்டும் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

தை அமாவாசைக்கு மறுபடி போனோம். அன்று பனி கொட்டியது. லென்ஸில் ஆவி படிந்து, கோடுகள் அரை மணி நேரத்திலேயே மங்கி மறைந்துவிட்டன. மாசியில், லென்ஸைச் சூடாக வைத்து ஆவி படியாமல் தடுக்க அவள் தயாராக வந்தாள். தம்பி வீட்டு அடுப்பில் கல் உப்பை வறுத்துத் துணியில் கட்டி, அந்த முடிச்சை லென்ஸைச் சுற்றி வைத்து, கைகால் சுளுக்குக்குப் போடும் கட்டுத்துணியால் சுற்றினாள். நோயாளிக்குக் கட்டுப்போடுகிற அதே கவனம். "ரொம்ப இறுக்கமா இல்லியே?" என்று கேட்டாள். கேமராவைக் கேட்டாளா, என்னைக் கேட்டாளா என்று தெரியவில்லை. சூடு ஆற ஆற, இருட்டிலேயே தடவிப் போய் உப்பை வறுத்துக்கொண்டு வந்து மாற்றினாள். வடகிழக்கில் சப்தரிஷி மண்டலம் ஏறிக்கொண்டிருந்தது. ஒருமுறை, ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போன டிராக்டரின் வெளிச்சம் எங்கள்மேல் பட்டுப் போனது. நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். அவள் என் கையை எடுத்துக் கீழே வைத்தாள். அப்புறம் அதை விடவில்லை.

அந்தப் படம்தான் நன்றாக வந்தது. துருவ நட்சத்திரம் பனைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளிபோல நிற்க, அதைச் சுற்றி நீலம், மஞ்சள், இளஞ்சிவப்பு என்று வளைகோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரு வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு. டிராக்டர் வெளிச்சம் கரும்புக் கட்டைகளின்மேல் தவிட்டு நிறத்தில் படிந்திருந்தது. அவள் தம்பி வெகுநேரம் பார்த்துவிட்டு, "வானத்த யாரோ சீப்பால வாரிவுட்ட மாதிரி இருக்குது மாமா" என்றார்.

இப்போது ஒன்பது ரோல் ஆகிவிட்டது. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அவள் இருக்கிறாள். பேருந்து நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறாள். வஞ்சிரம் விலை கேட்டுவிட்டு முகத்தைச் சுளிக்கிறாள். நாற்காலியிலேயே தூங்கிப்போயிருக்கிறாள். நட்சத்திரப் படங்களில் பாதி வீண். அவள் படங்களில் ஒன்றுகூட வீணாகவில்லை. இதை அவளிடம் சொன்னபோது, "வேற வேல இல்ல" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விட்டாள். சற்று நேரத்தில் திரும்பி வந்து எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை பார்த்தாள்.

போன வருடம் அவளுக்குச் சிதம்பரத்தில் வேலை கிடைத்து, இங்கே குடிவந்துவிட்டோம். போன அமாவாசைக்குக் கடலோரத்துக் கிள்ளைப் பக்கம் போனோம். முக்காலியை நிறுத்தி, உப்பு முடிச்சையும் கட்டியாயிற்று. எட்டு மணிக்குக் கடல் பக்கமிருந்து மேகம் ஏறி வடக்கை மூடிவிட்டது. கேமராவைப் பைக்குள் வைத்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன்.

"அதுக்குள்ளவா?" என்றாள். "டீ இன்னும் சூடாத்தான் இருக்குது. உக்காருங்க."