விசிலுக்கு ஒரு மிட்டாய்

சலவைக்கடையில் சட்டை தேய்ப்பவருக்கு இடது கை வெந்து ஆறி வெகுநாளாயிற்று. அன்று நீராவி இஸ்திரிப்பெட்டி 'உஸ்ஸ்' என்று சீறிய சீற்றத்தில், காலரைப் பிடித்திருந்த கையைச் சுட்டுவிட்டது. புண் ஆறியது, காது ஆறவில்லை. பஸ் பிரேக் சீறினாலே கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். வீட்டில் குக்கர் விசிலடித்தால் வாசலில் நிற்பார். கடையில் பெட்டியைத் தொடாமல் பட்டன் தைத்தார். 'சூடுகண்ட பூனை' என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. விசில் வந்ததும் வாசலுக்கே போய், "வாயைத் திறங்க" என்று ஒரு புளிப்பு மிட்டாயைத் திணித்தாள்.

"என்னடி, சின்னப்பிள்ளைக்குக் குடுக்கிற மாதிரி?"

"சின்னப்பிள்ளைகூட இப்படி ஓடாது!"

நாள்போக்கில் மிட்டாய் கூடத்துக்கு நகர்ந்தது, பிறகு அடுப்படிக்கு. அவரும் பின்னாலேயே நகர்ந்தார்.

ஒரு காலை கடையில் தேய்க்க ஆளில்லை. முதலாளி அவரைப் பார்த்தார். வேறு வழியின்றி இவர் பெட்டியை எடுத்தார். அது சீறியது. கை துள்ளும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். கை காலர்மேலேயே கிடந்தது. வாயில்தான் எச்சில் ஊறியது.

"என்னண்ணே, சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல முதலாளி, மிட்டாய் ஏதாச்சும் இருக்கா?"