சுழி சுத்தம்

எங்கள் குதிரையின் முதுகில் இருந்த சுழியை அத்தா பழுக்கக் காய்ச்சிய அரிவாளால் தீய்த்தார். நாலு காலையும் கட்டிச் சாய்த்து, அதன் கழுத்தின் மேல் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஒன்றும் அறியாத பிள்ளை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் நேருக்கு நேராக மயிர் சுழித்திருந்தால் அதற்குப் பாடைச் சுழி என்று பெயர். பாடையின் இரண்டு மூங்கில் மாதிரி. அந்தச் சுழி உள்ள குதிரை எந்த வீட்டில் நிற்கிறதோ அந்த வீட்டு ஆம்பளை தங்கமாட்டான் என்பார்கள். அதனாலேயே அந்தியூர்ச் சந்தையில் அப்படியொரு வாட்டசாட்டமான குதிரை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லாமல் கிடந்தது. அத்தா சல்லிசாகப் பிடித்துக்கொண்டு வந்தார். சுட்ட புண் ஆறி, அந்த இடத்தில் வெள்ளை மயிர் முளைத்தது. கேட்பவர்களிடம் சேணம் உரசிய தழும்பு என்றோம். சேணம் போகிற இடம்தான், ஒருவரும் சந்தேகப்படவில்லை.

"சுழியப் பத்தி வெளியில மூச்சு விட்டே, உன் தோலை உரிச்சுருவேன்" என்று அத்தா என்னிடம் சொல்லிவைத்தார்.

காரவள்ளிப் பக்கம், மலையடிவாரத்தில் எங்கள் ஊர். மலைக்குத் தார் ரோடு வராத காலம். மிளகும் சாமையும் மட்டக்குதிரை முதுகில்தான் கீழே இறங்கும். மலைக்காரர்கள் பெட்டைக் குதிரையாகப் பார்த்துத்தான் வளர்ப்பார்கள். ஒற்றையடிப் பாதையில் இரண்டு ஆண்குதிரை எதிரெதிரே வந்தால் பொதியோடு பள்ளத்தில் போகவேண்டியதுதான். ஆகவே வருஷாவருஷம் மாசி மாதத்தில் எங்கள் ஆண்குதிரையை மேலே ஓட்டிப்போய், ஊர் ஊராகப் பெட்டைகளோடு சேரப் பொலிக்கு விடுவோம். கூலியாக மிளகு கொடுப்பார்கள்.

பொலிக்கு விடுவதில் பார்க்க அழகாக ஒன்றும் இருக்காது. பெட்டையின் முன்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டுவோம். மேலுதட்டில் கயிற்றைப் போட்டுக் குச்சியால் முறுக்குவோம். வலி உதட்டில் இருந்தால் பின்னங்காலால் உதைக்காது. அது நடுங்கிக்கொண்டு நிற்கும், கண்ணில் நீர் வழியும். சுற்றி நிற்கும் ஆண்கள் கேலி பேசிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

சூடு போட்ட பிறகு வந்த முதல் மாசியில், மலைமேல் தேவனூர் நாடு என்கிற பகுதியில் ஒரு ஊரில், ஒரு பெண் தன் பெட்டையைக் கொண்டுவந்தாள். நாற்பது வயதிருக்கும். புருஷன் மலைக்காய்ச்சலில் விழுந்து விழுந்து எழுகிறவன். அந்தப் பெட்டை ஒன்றுதான் வீட்டுக்குச் சம்பாதித்தது. அதற்கும் வயதாகிவிட்டது, இன்னும் இரண்டு மூன்று வருஷம் பொதி சுமக்கலாம், அதற்குள் ஒரு குட்டி வளர்ந்து நின்றால் குடும்பம் பிழைக்கும். இல்லையென்றால் அவள் தலையில்தான் மூட்டை. இதையெல்லாம் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே அவள் என்னிடம் சொன்னாள். பெட்டைக்குச் சினை பிடித்தது.

அடுத்த மாசியில் நான் மட்டும்தான் குதிரையோடு மேலே போனேன். ஊர் எல்லையிலேயே அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க ராவுத்தரே, உங்களத்தான் எதிர்பாத்துட்டு இருக்கறோமுங்க. வந்து குட்டியப் பாருங்க."

செவலைக் குட்டி. பிறந்து நாலு நாள். கால் நான்கும் இன்னும் சொன்னபடி கேட்கவில்லை. என் சட்டையில் எங்கள் குதிரையின் வாடை அடித்திருக்கும்போல, வந்து மோந்து பார்த்துக் கையைச் சப்பியது. அவள் அதன் முதுகில் விரலை வைத்துக் காட்டினாள். இரண்டு பக்கமும் நேருக்கு நேராகச் சுழி. அச்சு அசலாக அப்பனுடையது.



ஊர்க்கவுண்டரும் வந்துவிட்டார். உள்ளே அவள் புருஷன் கம்பளிக்குள் நடுங்கி முனகும் சத்தம் கேட்டது. ஊர்க்கவுண்டர்தான் அவர்களுடைய வழக்கத்தை எனக்கு விளக்கினார்.

"அப்பன் முதுகுல இருந்து வந்துதுன்னா அது வெறும் மயிருங்க, ஒன்னும் பண்ணாது. தானா வந்துதுன்னா அது ஆளக் கேட்டு வந்த சுழிங்க. வளக்கக்கூடாது. உங்க குதிரைக்கு இந்தச் சுழி இருந்துதா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க."

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருந்தது என்று நான் சொல்லவேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தது முகத்திலேயே தெரிந்தது. ஒரு வார்த்தை போதும். குட்டி பிழைக்கும், அவளும் பிழைப்பாள்.

ஆனால் சொன்னால் என்ன ஆகும்? சுழியை மறைத்தவன் என்று நாடு நாடாகச் செய்தி போகும். எங்கள் பிழைப்பு நாறிவிடும். அத்தா என்னை உயிரோடு விடமாட்டார். இத்தனையும் நான் கண் மூடித் திறப்பதற்குள் யோசித்து முடித்தேன். என் புத்தி அவ்வளவு வேகமாக அதற்கு முன்னும் பின்னும் வேலை செய்ததில்லை.

"இல்லீங்க. எங்க குதிரை சுழி சுத்தமுங்க" என்றேன்.

வளர்த்த உயிரைக் கையால் கொல்லமாட்டார்கள். பாலை மறித்துவிடுவார்கள், அவ்வளவுதான். குட்டியை ஆட்டுப்பட்டிக்குள் கட்டி, வாயிலைக் கல்லடுக்கி மூடினார்கள். தாயை எதிரே களத்து ஓரத்தில் முளையடித்துக் கட்டினார்கள். அந்தக் களத்தில்தான் நான் மூன்று நாள் ஊர்ப் பெட்டைகளைப் பொலிக்கு விட்டேன்.

குட்டி கத்தும். தாய் கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தும். மடி வீங்கி, பால் தானாகச் சொட்டிப் பின்னங்கால் வழியே ஓடியது. குட்டியின் சத்தம் கேட்கும்போதெல்லாம் எங்கள் குதிரையும் காதை நிமிர்த்திக்கொண்டு பதில் கொடுத்தது.

"பொட்டைய நெனச்சுக் கத்துது பாருங்க" என்றார் ஊர்க்கவுண்டர். எல்லாரும் சிரித்தார்கள்.

இரண்டாம் நாள் மத்தியானம் நான் பட்டிப் பக்கம் போனேன். எதற்குப் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது. அவள் கல் அடுக்கில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே குட்டி கல்லை நக்கும் சத்தம் கேட்டது.

"தம்பி, இன்னொருக்கா நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். "சின்னதா இருக்கையில இருந்து, அப்பறம் மறஞ்சிருக்குமா? தழும்பு ஒன்னு இருக்குதுங்களே."

"அக்கா, அது சேணம் உரசினது."

"அப்பிடீங்களா."

"அல்லா மேல ஆணையா, இல்லக்கா."

அவள் என்னிடம் ஆணை கேட்கவில்லை. நானாகத்தான் இட்டேன். அவள் மறுபடி மறுபடி கேட்டால் உளறிவிடுவோமோ என்று பயம், ஒரேயடியாக அவள் வாயை அடைக்கத்தான் ஆண்டவன் பெயரை இழுத்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனாள். பட்டியைத் திறக்க எனக்கு நாலு கல்லைத் தள்ளினால் போதும். திறக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டார்கள், போய்ச் சாமைச் சோறு வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

நாலாம் நாள் விடிந்தபோது பட்டியில் சத்தம் இல்லை. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. எழுதவே கூசுகிறது, ஆனால் அதுதான் வந்தது. ஊர்க்கவுண்டரும் இன்னொருவரும் குட்டியைக் காலைப் பிடித்து இழுத்துப்போய்ச் சரிவில் உருட்டிவிட்டார்கள். அவள் பெட்டையின் மடியை வெறும் மண்ணில் பீச்சிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் குதிரையை அவிழ்த்துக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பினேன். வீட்டுக்குப் போய் அத்தாவிடம் நடந்ததைச் சொன்னேன். நல்ல வேலை செய்தாய் என்று என் தோளில் தட்டினார். அதற்கு முன் அவர் என்னைப் பாராட்டியதில்லை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மறு மாசியில் அந்த ஊரை விட்டுவிடலாம் என்று பார்த்தேன். பாதை அந்த வழியாகத்தான் போனது.

அவள் பெட்டையைப் பிடித்துக்கொண்டு களத்துக்கு வந்தாள். நெற்றியில் ஒன்றுமில்லை. உச்சந்தலை மயிர் உதிர்ந்து, பொதி தூக்கிய தடம் வட்டமாகத் தெரிந்தது. நான் கேட்காமலேயே சொன்னாள். போன வருஷம் நான் மலையிறங்கிய பதினைந்தாம் நாள் அவள் புருஷன் போய்விட்டானாம்.

"எல்லாம் என் தப்புங்க தம்பி. பொறந்த அன்னிக்கே பால மறிச்சிருக்கோணும். நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லட்டுமுன்னு நாலு நாளு ஊட்டுல வச்சிருந்தேன். அதுக்குள்ள அது ஆளப் பாத்துருச்சு."

இப்போதாவது சொல்லிவிடு என்று உள்ளே ஒருவன் கத்தினான். சொன்னால் அவள் என்ன செய்வாள்? தன் குட்டியை வீணாகச் சாகவிட்டோம் என்று தெரிந்துகொண்டு எப்படி இருப்பாள்? அவள் நல்லதற்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன் என்று அந்த நேரத்தில் எனக்கு நானே நியாயம் பேசினேன். அதைவிடக் கேவலமான பொய்யை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"ஆத்தூருப் பக்கமிருந்து வேற ஒருத்தரும் குதிரை ஓட்டியாறாருங்க" என்றாள். "நான் எம் பெட்டைய அவருகிட்ட உடலீங்க. கடவுள் மேல ஆணையிட்டுச் சொன்ன மனுசன் நீங்க. உங்க குதிரைதான் வேணுமுங்க."

பெட்டையின் முன்னங்காலைக் கட்டவேண்டும் என்றேன். அவளே குனிந்து கட்டினாள்.