வலது இருக்கையிலிருந்து நான் கண்ட அண்ணன்

அண்ணன் எங்களைப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. அவருடைய வாழ்க்கையை நான்கு பக்கத்தில் எழுதித் தரும்படி அவருடைய பிள்ளைகள் என்னைக் கேட்டார்கள். உடன்பிறந்தவர்களில் மிஞ்சியிருப்பது நான் ஒருத்திதான் என்பதால் மறுக்க முடியவில்லை. காலமெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக் கொடுத்த எனக்கு, அண்ணனைப் பற்றி முதல் வரி எழுத மூன்று நாள் ஆயிற்று.

அண்ணன் பிறந்தது மாடம்பாக்கத்தில். அவருக்கு ஐந்து வயதாகும்போது தாம்பரத்தில் ஒரு பள்ளியில் அப்பாவுக்கு எழுத்தர் வேலை கிடைத்ததால் குடும்பம் சேலையூருக்கு வந்தது. நான் பிறந்தது அங்கேதான். அப்பா ஞாயிறு ஆராதனைக்கு அரை மணி முன்பே போய், அன்று பாட வேண்டிய பாட்டு எண்களைப் பலகையில் மாட்டுகிறவர். மகன் ஆசிரியராக வேண்டும் என்பதைத் தவிர அவர் உலகத்தில் வேறெதையும் பெரிதாகக் கேட்டதில்லை. அண்ணனோ பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் தவறினார். மறுபடி எழுதப் போகாமல், பல்லாவரத்தில் கல் ஏற்றும் லாரி ஒன்றில் வேலைக்கு ஏறிவிட்டார். சில ஆண்டுகளில் லைசென்ஸ் எடுத்து ஓட்டுநரும் ஆனார். அப்பா அவரைத் திட்டவில்லை. ஆனால் இருவருக்கும் இடையே பேச்சு, சாப்பிட்டாயா, குடை எடுத்துக்கொண்டாயா என்கிற அளவில் நின்றுபோனது.

அறுபதுகளின் பிற்பாதியில், அண்ணனுக்கு இருபத்து நான்கு வயதிருக்கும்போது, ராணுவ டிப்போ ஒன்றில் பழைய லாரிகளை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மெக்கானிக் வேலை செய்த தம் நண்பர் முனுசாமி அண்ணனையும் அழைத்துக்கொண்டு போனார். வண்டிகள் வரிசையாகப் புல் முளைத்துக் கிடந்தனவாம். எஞ்சினை ஓட்டிப் பார்க்க அனுமதி கிடையாது. கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம், அவ்வளவுதான். அண்ணன் காலை முழுவதும் ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, யாரும் திரும்பிப் பார்க்காத ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். உலகப் போர்க் காலத்து அமெரிக்க வண்டி. பத்துச் சக்கரம். ஸ்டீயரிங் நம் ஊர் வண்டிகளைப் போல வலப்பக்கம் இல்லாமல் இடப்பக்கம் இருந்தது. முன்பக்க பம்பரில் இரும்பு வடம் சுற்றிய பெரிய உருளை ஒன்று இருந்தது. சேற்றில் சிக்கிய பீரங்கிகளை இழுக்க வைத்ததாம்.

முனுசாமி அண்ணன் வடசென்னைக்காரர். பல வருடம் கழித்தும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார். "இன்னா மச்சான், ஆனையை வாங்கினு போய் எங்க கட்டுவ?" என்று அவர் கேட்டாராம். அதற்கு அண்ணன், "மத்த வண்டிக்கெல்லாம் புதுசா பெயின்ட் அடிச்சிருக்காங்க. இதுக்கு மட்டும் அடிக்கல. மறைக்கிறதுக்கு இதுல ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்" என்றாராம்.

இன்னொரு லாரியில் கட்டி இழுத்து வந்து எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மனையில் நிறுத்தினார்கள். எங்கள் ஓட்டுக் கூரையின் விளிம்புக்குச் சமமாக அதன் தலை நின்றது. அந்தத் தெருவில் அவ்வளவு பெரிய பொருளை யாரும் பார்த்ததில்லை. எட்டு மாதம் அண்ணனும் முனுசாமி அண்ணனும் அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினார்கள். பட்டாளத்துப் பச்சையைச் சுரண்டிவிட்டு நீலம் அடித்தார்கள். அப்பா தினமும் அந்த வண்டியைத் தாண்டித்தான் வேலைக்குப் போக வேண்டும். ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

வண்டி முதன்முதலில் கிளம்பிய காலை எனக்கு நேற்று போல இருக்கிறது. அந்தச் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்பு காலுக்கு வந்தது. அடுப்பங்கரையில் அடுக்கியிருந்த தட்டுகள் ஒன்றோடொன்று உரசின. அம்மா கரண்டியோடு வெளியே ஓடி வந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார்.

அந்த வண்டியில் ஒரு சங்கடம் இருந்தது. ஓட்டுகிறவர் இடது ஓரத்தில் உட்காருவதால், முன்னே போகும் வண்டியைத் தாண்டும்போது எதிரே என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியாது. வலது இருக்கையில் இருப்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் பயணத்துக்கு முனுசாமி அண்ணன் பின்னால் நின்று பின்சக்கரங்களைக் கவனிப்பதாகச் சொல்லிவிட்டதால், அந்த இருக்கை பதினேழு வயதில் எனக்குக் கிடைத்தது. சக்கரத்தில் கால் வைத்து ஏறினேன். ஜி.எஸ்.டி. ரோடு முழுவதும் எனக்குக் கீழே கிடந்தது. பேருந்தின் கூரையில் கட்டியிருந்த கூடைகளில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்க முடிந்தது. குரோம்பேட்டை அருகே ஒரு மாட்டு வண்டியைத் தாண்டலாமா என்று அண்ணன் கேட்டார். போகலாம் என்றேன். எதிரே வந்த பேருந்தின் தூரத்தைத் தவறாகக் கணித்துவிட்டேன். அண்ணன் பாதி வழியில் பிரேக்கை மிதித்து வண்டியை மறுபடி இடப்பக்கம் கொண்டுவந்தார். எனக்கு அழுகை வந்தது. வண்டி நேரானதும் அவர், "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு பாப்பா. அதுல தப்பே இல்ல" என்றார். அடுத்த வண்டியைத் தாண்டும்போதும் என்னைத்தான் கேட்டார்.

மூன்று ஆண்டுகள் கழித்து ஆசிரியப் பயிற்சி முடித்து, பொழிச்சலூரில் ஒரு சிறிய பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. பம்மல் பக்கம் கல் ஏற்றப் போகும் நாட்களில் அண்ணன் என்னை வழியில் இறக்கிவிடுவார். அப்படிப் போன ஒரு சனிக்கிழமை காலை, கல்குவாரிக்குத் திரும்பும் மண் பாதையில் ஒருவர் இரு கைகளையும் தூக்கிக்கொண்டு எதிரே ஓடிவந்தார். பள்ளத்தில் ஏழுமலை என்கிற கல்லுடைக்கும் தொழிலாளியின் கால் மேல் ஒரு பாறை சரிந்துவிட்டது என்றார்.

நாங்கள் போனபோது இருபது பேர் கடப்பாரைகளோடு கீழே நின்றிருந்தார்கள். நெம்பினால் பாறை லேசாக அசைகிறது. அசைந்தால் மேலே தொங்கிக்கொண்டிருக்கும் கற்கள் சரிகின்றன. ஆகவே யாரும் எதுவும் செய்ய முடியாமல் நின்றார்கள். ஏழுமலையின் மனைவி அவர் தலையைத் தம் மடியில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தில் வெயில் படாமல் கையை விரித்துப் பிடித்திருந்தார்.

அண்ணன் கீழே இறங்கிப் பாறையைச் சுற்றி வந்தார். பிறகு மேலே வந்து வண்டியின் மூக்கைப் பள்ளத்தின் விளிம்புக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். பத்துச் சக்கரங்களுக்கும் கற்களை அண்டை கொடுக்கச் சொன்னார். முன்பக்க உருளையிலிருந்து இரும்பு வடத்தைக் கீழே விட்டு, பாறையின் ஒரு முனையைச் சங்கிலியால் சுற்றி அதில் மாட்டச் செய்தார். வடம் அறுந்தால் சாட்டையைப் போல் வீசி ஆளை இரண்டாக்கிவிடும் என்று சொல்லி எல்லோரையும் விலக்கினார். ஏழுமலையை இழுக்க இரண்டு பேர் மட்டும் பாறையின் மறுபக்கம் ஒதுங்கி நின்றார்கள். அவருடைய மனைவி போக மறுத்துவிட்டார்.

வண்டிக்குள் இருந்து பார்த்தால் பள்ளம் தெரியாது. அண்ணன் என்னை அழைத்து, பக்கவாட்டில், அவருக்கு நானும் எனக்குப் பாறையும் தெரிகிற ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"நீ கையைத் தூக்கினா இழுப்பேன். இறக்கினா நிறுத்திடுவேன். வேற யார் கத்தினாலும் கேக்க மாட்டேன்."

நான் கையைத் தூக்கினேன். எஞ்சின் உறுமியது. வடம் விறைத்தது. பாறை ஒரு விரல் எழுந்தது, பிறகு நான்கு விரல். அப்போது சக்கரங்களுக்கு வைத்த கற்களில் ஒன்று பொடிந்து, வண்டி விளிம்பை நோக்கி ஒரு முழம் வழுக்கியது. சுற்றி நின்றவர்கள் நிறுத்து நிறுத்து என்று கத்தினார்கள். நான் கீழே பார்த்தேன். ஏழுமலையின் கால் முழங்காலுக்குக் கீழே இன்னும் உள்ளே இருந்தது. நான் கையை இறக்கவில்லை. அண்ணனைப் பார்த்தேன். பள்ளம் தன்னை இழுக்கும்போதும் அவர் கதவைப் பார்க்கவில்லை, சக்கரத்தைப் பார்க்கவில்லை. என் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை விவரிக்க எனக்கு இன்றும் சொல் கிடைக்கவில்லை. தேவாலயத்தில்கூட யாரும் அப்படி அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பாறை ஒரு சாண் எழுந்தது. ஆளை இழுத்துவிட்டார்கள். கையை இறக்கினேன்.

பாறைக்கு முட்டுக் கொடுத்து, வடத்தைக் கழற்றி, வண்டியைப் பின்னால் எடுத்ததும் அண்ணன் இறங்கி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். திரும்பி வந்து கேட்டார்: "வண்டி நகர்ந்தது, பாத்தியா?"

"பாத்தேன் அண்ணா."

"கையை இறக்கலையே?"

"ஆளு இன்னும் வெளிய வரல."

அவர் தலையை ஆட்டிவிட்டு, ஏழுமலையை ஏற்றுவதற்குப் பின்பக்கம் வைக்கோல் பரப்பச் சொன்னார். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அதே வண்டியில் கொண்டுபோனோம். கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஆனால் கால் தப்பியது, உயிரும் தப்பியது.

வீட்டில் அண்ணன் இதைச் சொல்லவே இல்லை. அன்றைக்குக் கல் ஏற்ற முடியவில்லை என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். நான்தான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு எழுந்து போனார். திங்கள் காலை குடையும் சாப்பாட்டு டப்பாவுமாகக் கிளம்பியவர், அந்த வண்டியின் அருகே முதன்முறையாக நின்றார். அண்ணன் பானட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னையும் ஸ்கூல்ல இறக்கிவிடுறியாப்பா?" என்று கேட்டார் அப்பா.

அண்ணன் துணியைக் கீழே போட்டுவிட்டு, அப்பா ஏறுவதற்குத் தம் இரு கைகளையும் கோத்துப் படியாகப் பிடித்தார்.

எழுபதுகளின் நடுவில், பெட்ரோல் கட்டுப்படியாகாமல் அந்த வண்டியை விற்க வேண்டி வந்தது. அதற்குள் அண்ணனுக்குத் திருமணமாகியிருந்தது. அதன் பிறகு மூன்று லாரிகள் வாங்கினார். அண்ணியின் சிக்கனமும் பொறுமையும் இல்லாவிட்டால் அவற்றில் ஒன்றும் நின்றிருக்காது. மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். பிறந்த மாடம்பாக்கத்திலேயே வீடு கட்டினார். தம்மிடம் வேலை செய்த ஓட்டுநர் எவரையும் பெயரோடு "சார்" சேர்க்காமல் அழைத்ததில்லை. அம்மாவின் கடைசி நான்கு ஆண்டுகளில் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டியவர் அண்ணன்தான். சென்ற ஆண்டு நுரையீரலில் நோய் என்று தெரிந்தபோது, வீட்டுக்குப் போகலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அவரைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டாருக்கும், ஜெபிக்க வந்த சபையாருக்கும், அடக்கத்துக்கு அன்றைய ஓட்டத்தை விட்டுவிட்டு வந்த ஓட்டுநர் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். மருத்துவமனையிலிருந்து அண்ணனை வீட்டுக்கு அழைத்துவந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநர், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அண்ணன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். பேசவே முடியாது என்று நாங்கள் நினைத்திருந்தோம். சானடோரியம் தாண்டியதும், "மேடு வருது, செகண்டு போடு" என்றார். மேடு வந்தது. சேலையூரில் "இடப்பக்கம் பள்ளம்" என்றார். பள்ளம் இருந்தது. கண் திறக்காமலே வீடு வரைக்கும் ஒவ்வொரு வளைவையும் முன்கூட்டிச் சொன்னார். ஒன்றும் தவறவில்லை. அந்தத் தம்பி ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை, சலித்துக்கொள்ளவில்லை. சொன்ன இடத்திலெல்லாம் வேகத்தைக் குறைத்து, "சரிங்க ஐயா" என்று பதில் கொடுத்துக்கொண்டே ஓட்டினார். அவர் பெயரைக் கேட்க மறந்துவிட்டோம். தம்பி, அது எங்கள் அண்ணனின் கடைசிப் பயணம். அதை அவரையே ஓட்டவிட்டீர்கள்.